பட்டம்மாள் டீச்சர் வெளியே உட்கார்ந்த நாள்

பட்டம்மாள் டீச்சர் வடலூர் வரைக்கும் போய்விட்டு, ஞான சபைக்கு உள்ளே போகாமல் ஏன் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார்?

சிதம்பரத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் டீ குடித்தபடி இதைக் கேட்டார். அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த டீச்சரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஞானசேகரனைத்தான் தெரியும். பதில் அவரிடம் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரியாது. பிறகு அவரே வந்து எல்லாவற்றையும் சொன்னார். பெயரை மாற்ற வேண்டாம், எதையும் மறைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஞானசேகரன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை பார்த்த காலம் முழுக்க அவருடைய பொழுது அடுத்தவர்களை ஊருக்கு அனுப்புவதிலேயே போனது. சிதம்பரம் வண்டி ஏன் நிற்கிறது, சேத்தியாத்தோப்பு வண்டி எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு ஜனங்கள் அவரைத் திட்டுவார்கள். டிரைவர்கள் திட்டுவார்கள். லேட்டாகக் கிளம்பினாலும் திட்டு, நேரத்துக்குக் கிளம்பி யாராவது வண்டியை விட்டுவிட்டாலும் திட்டு. தான் அனுப்பிவைத்த ஊர்களில் பாதியை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

ரிட்டயர் ஆவதற்கு முன்பே மனைவி முத்தம்மாள் இறந்துவிட்டார். ஒரே மகள் வினோதினி கல்யாணமாகி நெய்வேலியில் இருக்கிறாள். முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டில் ஞானசேகரன் தனி ஆள். ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்தபோது சமைக்கக் கற்றுக்கொண்டார். முதலில் வைத்த குழம்பை அவராலேயே வாயில் வைக்க முடியவில்லை. போகப் போகக் கை பழகிவிட்டது. விடிந்ததும் துறைமுகத்துக்குப் போய் காரப்பொடி மீனோ சங்கராவோ வாங்கி வருவார். தானே ஆய்ந்து, மண்சட்டியில் புளி கரைத்து ஊற்றி, குழம்பு வற்றும் வரை அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சாப்பிடமாட்டார். மறுநாள் காலை, ஊறிப்போன அந்தக் குழம்பை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடுவதுதான் அவருக்குச் சொர்க்கம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மனுஷர் ஒரு வாரம் கூட மீன் இல்லாமல் இருந்தவர் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பழக்கமானவர் தேவசகாயம். சிதம்பரத்துக்காரர். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், தினமும் கடலூருக்கு பஸ்ஸில் வந்து போனவர். அவரும் ரிட்டயர் ஆன பிறகு, பனிக்காலத்தில் மட்டும் ஊர் சுற்றுகிற ஒரு சின்னக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். மழையும் புயலும் ஓய்ந்து மார்கழி பிறந்தால் கிளம்புவார்கள். மாசி முடிந்து வெயில் ஏறினால் நிறுத்திவிடுவார்கள். சாதாரண பஸ், இல்லாவிட்டால் பாசஞ்சர் ரயில். ஓட்டலில் சாப்பிடக் கூடாது, ஆளுக்கு ஒரு பண்டம் வீட்டில் செய்து எடுத்து வர வேண்டும். இவ்வளவுதான் அவர்களுடைய சட்டம்.

தேவசகாயம் ஞானசேகரனை இழுத்துக்கொண்டு போனது பிச்சாவரத்துக்கு. படகில் போய்விட்டு வந்து, கரையில் பேப்பர் விரித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் பட்டம்மாள் டீச்சர். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வள்ளலார் வழியில் நிற்கிறவர். சின்ன வயதிலேயே புலால் விட்டவர். அதற்காக யாரையும் குறைத்துப் பேசமாட்டார், விலகியும் உட்காரமாட்டார். கரண்டி மாறிவிடக் கூடாதே என்பதற்காக மட்டும் புதிதாக வருகிறவர்களை ஒருமுறை கேட்டுக்கொள்வார். அப்படித்தான் ஞானசேகரனையும் கேட்டார்.

"தம்பி, கவுச்சி சாப்புடுவீங்களா?"

அன்று காலை சாப்பிட்ட மீன் குழம்பின் வாசனை இன்னும் கையில் இருக்குமோ என்று ஞானசேகரனுக்குப் பயம் வந்தது. கையைத் துண்டில் துடைத்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விட்டுட்டன் டீச்சர்."

"முதுநகர்ல பொறந்து, ஹார்பர் பக்கத்துல இருந்துகிட்டு விட்டீங்களா? எங்களுக்கெல்லாம் அது லேசு தம்பி. உங்களுக்கு அது தவம்."

டீச்சர் அதை அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். ஞானசேகரனுக்குக் காது சூடானது. வேலை பார்த்த காலம் முழுக்கத் திட்டு மட்டுமே வாங்கிய மனுஷர். ஒரு பெரிய மனுஷி நாலு பேர் முன்னால் அவரை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. இல்லை டீச்சர், சும்மா சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தார்.

அன்று சொன்ன பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. டீச்சர் அவருக்கென்று தனியாக வடகம் இட்டு அனுப்புவார். கூட்டத்தில் புதிதாக யாராவது சேர்ந்தால், "இவரப் பாருங்க" என்று ஞானசேகரனைக் காட்டுவார். டீச்சரின் போன் வரும்போது அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தால், போனிலா வாசனை தெரியப்போகிறது, இருந்தாலும் இவர் எழுந்து வாசல் பக்கம் போய்ப் பேசுவார். வறுவல் வறுக்கிற நாளில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். எங்கள் தெருவில் மீன் வறுப்பதற்கு ஜன்னலைச் சாத்துகிற ஒரே வீடு அதுதான். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அந்தப் பனிக்காலத்திலேயே ஒருமுறை வடலூர் போனார்கள். சபைக்கு உள்ளே போகிற இடத்தில், கொலையும் புலையும் தவிர்த்தவர்கள் மட்டும்தான் உள்ளே வர வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கும். யாரும் நின்று சோதிப்பதில்லை. அவரவர் மனசாட்சிக்கு விட்டது. தேவசகாயம் அதைப் படித்துவிட்டு, "நானெல்லாம் வஞ்சிரம் பார்ட்டி, நான் இங்கயே உக்காந்து பையப் பாத்துக்கறன், நீங்க போயிட்டு வாங்க" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. டீச்சரே அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஞானசேகரன் டீச்சருக்குப் பின்னால் உள்ளே போனார். ஜோதியைப் பார்த்தாரா என்று கேட்டேன். தரையைத்தான் பார்த்தேன் என்றார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் டீச்சர் அவருக்கு ஒயர் கூடை பின்னச் சொல்லிக்கொடுத்தார். சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பக்கத்தில் உள்ள தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்த்தி, சிவன் கண் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் காட்டினார். ஞானசேகரனுக்கு அது பித்து மாதிரி பிடித்துக்கொண்டது. வெளியே மழை கொட்டும். கரண்ட் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருப்பார். நேரம் போவது தெரியாது. திருப்பாதிரிப்புலியூர் கடையில் பச்சையும் வெள்ளையுமாக மொத்தமாக ஒயர் வாங்கி வந்து, கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு கூடை பின்னினார். மகளுக்கும் ஒன்று. தனக்கும் ஒன்று. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே முடிச்சு. அழகாகத்தான் இருந்தன. வினை அதில்தான் இருந்தது.

போன மார்கழியில், திரை விலக்கி ஜோதி காட்டுகிற மாதப் பூசத்துக்கு மறுபடியும் வடலூர் என்று முடிவானது. வடலூரிலிருந்து நெய்வேலி பக்கம். ஞானசேகரன் அப்படியே மகள் வீட்டுக்குப் போய்த் தங்குவதாகச் சொல்லியிருந்தார். வினோதினி போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்பா கையால் இடித்த சென்னாக்குன்னிப் பொடி வேண்டும்.

சென்னாக்குன்னி என்பது அரிசி அளவுக்குச் சின்னதாக இருக்கிற இறால். காய வைத்து விற்பார்கள். அதை மணல் போக அலசி, காய வைத்து, வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து இடித்தால் சோற்றுக்கும் இட்லிக்கும் வேறு எதுவும் வேண்டாம். ஞானசேகரன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதை இடித்தார். அதே உரலைக் கழுவிவிட்டு, கூட்டத்துக்காகப் பருப்புப் பொடியும் இடித்தார். அதிலும் மிளகாய், பூண்டு. இரண்டும் பார்க்க ஒரே நிறம். ஒரே மாதிரி டப்பாக்களில் அடைத்தார். பருப்புப் பொடி தன் கூடையில், இறால் பொடி மகளுக்கான கூடையில். கூடை வேறு வேறாக இருக்கிறதே என்ற தைரியம்.

கடலூரிலிருந்து அவர் ரயிலில் போனார். சிதம்பரத்துக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். புவனகிரியிலிருந்து வைத்திலிங்கமும் அவர் மனைவி கொளஞ்சியம்மாளும் வந்தார்கள். வைத்திலிங்கம் வாய் சும்மா இருக்காத ஆள். ஞானசேகரன் கொடுத்த கூடைகளை எல்லோரும் மறக்காமல் எடுத்து வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், எல்லாருக்கும் யூனிபார்ம் தச்சுக் குடுத்துட்ட" என்றார். கூடைகளை மரத்தடியில் ஒன்றாகக் குவித்து வைத்தார்கள். சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் குளிர்ந்த காற்று வீசியது. டீச்சருக்குச் சளி. மூக்கடைத்து, குரல் கம்மியிருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். உடம்பு முடியாவிட்டாலும் மார்கழிப் பூசத்தை அவர் விட்டதில்லை.

பொழுது சாய்கிற நேரம். டீச்சர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர், வெறும் வயிற்றோடு இருக்க முடியாது. ஜோதிக்கு முன்னால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிடலாம் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஞானசேகரன் தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போனார். வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வரும்போது கொளஞ்சியம்மாள் பொடி டப்பாவைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்தார். குவியலில் ஞானசேகரன் வைத்த இரண்டு கூடைகளில் கைக்கு எட்டியதை அவர் இழுத்திருக்கிறார். எட்டியது மகளுடைய கூடை. பூண்டு வாசனை தூக்கலாக இருந்ததில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

குவியலுக்கு அந்தப் பக்கம் பருப்புப் பொடிக் கூடை தொடாமல் இருப்பதை ஞானசேகரன் பார்த்தார். டீச்சரின் இலையில் நல்லெண்ணெயில் குழைத்த பொடி இருந்தது. ஒரு இட்லி முடிந்திருந்தது. அடுத்த இட்லியைப் பிட்டுப் பொடியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டே, பொடி ரொம்ப நன்றாக இருக்கிறது, பூண்டு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்று டீச்சர் சொன்னார்.

தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டு "இருங்க" என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவருக்குத் தெரியும். அவர் எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்துப் பொடி வாங்கியவர் தேவசகாயம். ஒரு வாய் வைத்ததும் அவர் மெல்லுவது நின்றது. ஞானசேகரனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டப்பாவைக் கொளஞ்சியம்மாள் கையிலிருந்து வாங்கி மூடி, இது அவ்வளவும் தனக்கே வேண்டும், மற்றவர்கள் சட்னி தொட்டுக்கொள்ளட்டும் என்று வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். வைத்திலிங்கம் அதற்கும் ஒரு கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது.

கை கழுவும் இடத்தில் தேவசகாயம் ஞானசேகரனை நிறுத்தி, டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

"சேகரு, இது சென்னாக்குன்னி."

"தெரியும். மவளுக்கு எடுத்தாந்தது. கூட மாறிப்போச்சு."

"மவளுக்கா? நீதான் ஊட்டுலயே சேக்கறதில்லன்னு..." என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.  பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது உம்பாடு. ஆனா அவுங்க இன்னும் செத்த நேரத்துல உள்ள போவப் போறாங்க. நான் சொன்னா கோள் மூட்டுனதாயிடும். நீ சொல்லு."

ஞானசேகரன் கணக்குப் போட்டார். தெரியாமல் சாப்பிட்டது பாவமா? சொல்லாவிட்டால் டீச்சர் நிம்மதியாக ஜோதி பார்ப்பார். சொன்னால் இத்தனை வருஷக் கட்டுப்பாடு ஒரு இட்லியில் போயிற்றே என்று ஆயுசுக்கும் நொந்துபோவார். அவருடைய நல்லதுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம். இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தார். டீச்சருடைய நிம்மதிக்குப் பயந்தது பாதி, தன் மானத்துக்குப் பயந்தது பாதி என்று என்னிடம் முதலில் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, முழுக்க மானத்துக்குத்தான் என்று திருத்திக்கொண்டார்.

வைத்திலிங்கமும் கொளஞ்சியம்மாளும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். டீச்சர் மெதுவாக நடந்தார். வாசலுக்கு வந்ததும் எப்போதும் செய்கிற மாதிரி நின்று, அந்த அறிவிப்பைக் கைகூப்பிப் படித்தார். எத்தனையோ தடவை படித்ததுதான். படித்துவிட்டுத் திரும்பி, வாங்க தம்பி என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை ஞானசேகரனால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், உள்ள போவாதீங்க."

கூட்டமாக இருக்கிறதோ என்று டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீங்க சாப்ட்டது பருப்புப் பொடி இல்ல. சென்னாக்குன்னி. எம்மவளுக்காக நான் இடிச்சது. கூட மாறிடுச்சு."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மூடியிருந்தது. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஞானசேகரன் சொன்னார், அந்த நேரத்தில் டீச்சர் தன்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று.

கண்ணைத் திறந்த டீச்சர், மகளுக்கு இடித்தவர் வீட்டில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டார்.

"நான் விடவே இல்ல டீச்சர். நேத்துகூட சாப்ட்டன். பிச்சாவரத்துல உங்ககிட்ட சொன்னது பொய்."

"போன தடவ எங்கூட உள்ள வந்தீங்களே?"

ஞானசேகரன் இப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

டீச்சர் வாசலை விட்டு நகர்ந்து, குழாயடிக்குப் போய்த் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தார். பிறகு மணலில் ஒரு ஓரமாக, சபையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தெரியாமல் நடந்தது, நீங்கள் போகலாம் டீச்சர், எல்லாம் என் தப்பு என்று ஞானசேகரன் கெஞ்சினார்.

"தெரியாம தின்னவங்க வரலாம்னு அங்க எழுதலையே தம்பி. சாப்புடும்போது எனக்குத் தெரியாது, அது சரி. இப்ப தெரியும். தெரிஞ்சுகிட்டு எப்படிப் போவன்?"

டீச்சர் மரத்தடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"தேவசகாயம் வர்றப்பல்லாம் வெளிய உக்காந்திருக்காரு. அவர ஒரு வார்த்த சொல்லியிருக்கமா? அவர் எல போட்டு நம்மகூடத்தான் சாப்புடறாரு. நீங்களும் அப்படி உக்காந்திருக்கலாமே தம்பி. எதுக்கு?"

எதற்கு என்றுதான் ஞானசேகரனுக்கும் தெரியவில்லை. யாரும் கேட்காத ஒரு பெருமைக்காக, யாரும் தடுக்காத ஒரு சாப்பாட்டை ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். உள்ளே திரைகள் விலகியபோது பெருவெளி முழுக்கக் குரல் எழுந்தது. டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்பினார். அவர் இருந்த இடத்திலிருந்து மக்களுடைய முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

வெளியே வந்த கொளஞ்சியம்மாள் பதறிப்போய், ஏன் டீச்சர் உள்ளே வரவில்லை என்று கேட்டார். டீச்சர் ஞானசேகரனை ஒரு தடவை பார்த்தார். அவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தாரோ என்னவோ. ஞானசேகரன் கூடைகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார்.

"இந்தத் தடவ எனக்கு உள்ள போற தகுதி இல்லம்மா" என்றார் டீச்சர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தேவசகாயம் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நெய்வேலி பஸ் வந்தது. ஞானசேகரன் ஏறிவிட்டார். பொடி டப்பாவை மகளிடம் கொடுக்க மனசு வராமல், கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொன்னார். மறுபடியும் ஒரு பொய். இதைச் சொல்லும்போது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தகுதி இல்லை என்று டீச்சர் சொன்ன அந்த ஒரு வார்த்தை புவனகிரிக்குப் போய், அங்கிருந்து சிதம்பரத்துக்கு வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. டீச்சர் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கறி சாப்பிடுகிறாராம், மனசு உறுத்தி வாசலிலேயே நின்றுவிட்டாராம். அவர் தெருமுனையில் பெண்கள் சேர்ந்து வியாழக்கிழமை காலையில் போகிற வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். உப்புப் பார்ப்பது எப்போதும் டீச்சர்தான். அந்த வாரம், உடம்பு முடியாதவர் எதற்கு அடுப்புப் பக்கம் வர வேண்டும் என்று ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். சளி விட்டுப் பல நாளாகியிருந்தது. டீச்சருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் தெருமுனைக்குப் போகவில்லை.

இதை ஞானசேகரனுக்குப் போனில் சொன்னவர் தேவசகாயம். திட்டவில்லை. சொல்லிவிட்டு, வைத்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த வியாழக்கிழமை ஞானசேகரன் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனார். கஞ்சி ஊற்றி முடித்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாலதி என்ற பெண்தான் இப்போது பொறுப்பு. எல்லோரையும் நிற்கச் சொல்லி, தான் யார், வடலூரில் என்ன நடந்தது என்று ஞானசேகரன் சொன்னார்.  டீச்சர் மேல் ஒரு தப்பும் இல்லை, அவரைப் போல உத்தமமானவரைப் பார்த்ததில்லை, எல்லாம் தன்னால் வந்தது என்றார். அவமானப்பட வேண்டியதை எல்லாம் இங்கேயே பட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

மாலதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றாள். "டீச்சருக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க. மீன விட்டவரு நீங்க, உங்களப் பத்தி டீச்சரே எங்ககிட்ட எத்தினியோ தடவ சொல்லியிருக்காங்க."

அவர் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. அந்தப் பொய்யை அவர்களுக்குச் சொன்னது டீச்சர் என்பதால்தான் அது அவ்வளவு உறுதியாக நின்றது. அங்கே நின்றபோதுதான் தனக்கு முழு வெட்கமும் வந்தது என்றார் ஞானசேகரன்.

டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். 

"உங்கள மன்னிக்கலன்னு நெனைக்காதீங்க தம்பி. அது அன்னைக்கே ஆச்சு. ஆனா பழைய மாதிரி வாங்க வாங்கன்னு கூப்புட எனக்கு இன்னும் மனசு வரல. பொய் சொல்லி என்ன பண்றது?"

தான் இனி என்ன செய்ய வேண்டும் என்று ஞானசேகரன் கேட்டார்.

"என்னப் பத்தி நல்லதா சொன்னீங்க. அதான் யாரும் நம்பல. உங்களப் பத்தி உள்ளதச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் ஞானசேகரன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காருங்கள் மாமா என்றால் உட்காரவில்லை. எனக்கு எழுத வரும் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். துறைமுகத்தில் மீன் வாங்குவதிலிருந்து, மறுநாள் குழம்பில் இட்லி தோய்ப்பதிலிருந்து, ஜன்னலைச் சாத்துவதிலிருந்து ஆரம்பித்தார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு மனுஷன் டீச்சரைக் காப்பாற்ற நினைத்தால் பெரிதாக ஒரு பழியை ஏற்றுக்கொள்ளலாம். இத்தனை சின்னச் சின்ன வெட்கங்களை யாரும் கற்பனை செய்துகொண்டு வரமாட்டார்கள். அதனால்தான் அவர் எதையும் விடாமல் சொன்னார், நானும் எதையும் விடாமல் எழுதினேன்.

கூட்டம் இந்த மாசியில் எங்கோ போய்விட்டு வந்ததாம். ஞானசேகரன் போகவில்லை. டீச்சரும் போகவில்லை.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குச் சிதம்பரத்திலோ புவனகிரியிலோ யாராவது இருந்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். போனில் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். பட்டம்மாள் டீச்சர் தெரிந்து ஒரு தப்பும் செய்யவில்லை, தெரிந்த பிறகு உள்ளே போகவும் இல்லை, அவ்வளவுதான் நடந்தது என்று சொல்லுங்கள். ஞானசேகரன் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டார்.